சிறு விமானக் கன்ட்ரோல் கேபிள்கள்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

சிறு விமானத்தில் விமானி பிடிக்கும் யோக்கையும் (திருப்பும் கைப்பிடி) கால் பெடலையும் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பரப்புகளோடு இணைப்பவை கன்ட்ரோல் கேபிள்கள். எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும், எய்லரான் இறக்கைகளைச் சாய்க்கும், ரடர் மூக்கை இடம்வலமாகத் திருப்பும். "எலிவேட்டர் கனமாக இருக்கிறது", "யோக் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது" என்று விமானி குறிப்பு எழுதிவிட்டுப் போனதும் பலரின் கை முதலில் டர்ன்பக்கிளை, அதாவது கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் திருகு இணைப்பைத் தேடிப் போகும். ஒரு கோளாறு இரண்டாகிவிடுவது அங்கேதான். டர்ன்பக்கிளால் முடிந்தது ஒன்றே ஒன்று: கேபிளின் நீளத்தைக் கூட்டும், குறைக்கும். இறுகிப்போன புல்லி (கேபிள் ஓடும் கப்பி), தேய்ந்த போல்ட், இடம் மாறிய ஸ்டாப் (ஓட்டத்தை எல்லையில் நிறுத்தும் தடை) எதையும் அது சரிசெய்யாது, கொஞ்ச நாளைக்கு மூடி மறைக்கும். ஆகவே கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடலாம்: காரணம் தெரியும்வரை டர்ன்பக்கிள் சுழலாமல் பூட்டியிருக்கும் சேஃப்டி வயரை வெட்டாதீர்கள்.

பார்ப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கழற்றுவதும் டென்ஷனை (கேபிளின் இழுவிசை) மாற்றுவதும் உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் வேலை. அதன் பிறகு அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தொடங்கும் முன்

அந்த மாடலுக்கும் அந்த சீரியல் எண்ணுக்கும் உரிய மெயின்டனன்ஸ் மேனுவலின் ரிக்கிங் பகுதி (கேபிள் டென்ஷனையும் பரப்புகளின் கோணத்தையும் அமைக்கும் முறை) முதலில் வேண்டும். ஒரே பெயருள்ள விமானத்திலேயே வருடத்துக்கு வருடம் டென்ஷனும் கோணமும் மாறியிருக்கும். நினைவிலிருந்து எண் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். கூடவே, கேலிபரேஷன் காலாவதியாகாத டென்ஷியோமீட்டர் (டென்ஷன் அளக்கும் மீட்டர்), அதில் பொருத்த, கேபிள் விட்டத்துக்குரிய ரைசர் துண்டு, கோணம் அளக்கும் டிஜிட்டல் புரொட்ராக்டர், ரிக் பின்கள் (கன்ட்ரோலை நடுநிலையில் பூட்டும் ஊசிகள்), வெப்பமானி, டார்ச், சிறிய கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பருத்தித் துணி, புதிய கோட்டர் பின்களும் லாக்கிங் கிளிப்களும்.

எதையும் தொடுவதற்கு முன் இப்போதைய நிலையை எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கேபிளின் டென்ஷன், அப்போதைய வெப்பநிலை, ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் வெளியே தெரியும் மரைகளின் (திருகுச் சுற்றுகள்) எண்ணிக்கை, கன்ட்ரோல் பரப்பு மேலும் கீழும் போகும் கோணம். இந்தத் தாள் இல்லாமல் ஆரம்பித்த வேலையில், எது பழைய தப்பு, எது நாம் இன்று செய்தது என்று மாலையில் பிரித்துச் சொல்ல முடியாது.

அறிகுறி: கன்ட்ரோல் கனமாக இருக்கிறது

எஞ்சினை நிறுத்திய நிலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முழு ஓட்டத்திலும் ஒரே மாதிரி கனமா, ஓர் இடத்தில் மட்டும் கனமா என்பதுதான் முதல் கேள்வி. ரடர் பெடலாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பல விமானங்களில் அது மூக்குச் சக்கரத்தோடும் இணைந்திருக்கும். சக்கரம் தரையில் அழுந்தி நிற்கும்போது பெடல் கனப்பது கோளாறல்ல. மேனுவலில் சொன்னபடி மூக்கைத் தூக்கி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

முழு ஓட்டத்திலும் கனம் என்றால் டென்ஷன் கூடியிருக்கலாம். இங்கே வெப்பநிலையை மறந்துவிடுகிறார்கள். விமானத்தின் உடல் அலுமினியம், கேபிள் எஃகு. சூடு ஏறும்போது அலுமினியம் கார்பன் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். 6 மீட்டர் நீளமுள்ள கேபிளில் 30 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கு உடல் சுமார் 4 மி.மீ. வளர்ந்தால், கேபிள் 2 மி.மீ. சொச்சம்தான் வளரும். மீதி 2 மி.மீ. டென்ஷனாக மாறும். குளிர்ந்த காலையில் "சரியான" எண்ணுக்கு இறுக்கிய கேபிள் நடுப்பகல் வெயிலில் இறுகுவதும், வெயிலில் வைத்த கேபிள் குளிரில் தொங்குவதும் இதனால்தான். மேனுவலில் டென்ஷனுக்கு வெப்பநிலை அட்டவணை கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். ஒரே ஓர் எண்தான் இருக்கிறது என்றால், அது எந்த வெப்பநிலைக்கு என்று தேடுங்கள். வெயிலில் நின்ற விமானத்தை ஹேங்கருக்குள் இழுத்த உடனே அளக்கக் கூடாது. உடலும் கேபிளும் ஒரே சூட்டுக்கு வரச் சில மணி நேரம் விடுங்கள்.

அளக்கும் இடமும் முக்கியம். புல்லி, ஃபேர்லீட் (கேபிளுக்கு வழிகாட்டும் துளை), டர்ன்பக்கிள் ஆகியவற்றிலிருந்து தள்ளி, கேபிள் தடையில்லாமல் ஓடும் நடுப்பகுதியில் மீட்டரைப் போடுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் ரைசரைச் சந்தேகியுங்கள். 3/32 அங்குலக் கேபிளுக்கு 1/8 அங்குல ரைசரைப் போட்டுவிட்டு வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டென்ஷன் சரியாக இருந்தும் கனம் போகவில்லையா? பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடுங்கள். பெல்கிராங்கில் (கேபிளின் அசைவைத் திசை மாற்றும் நெம்புகோல்) புஷ்ராடை (பரப்பைத் தள்ளும் தண்டு) கழற்றிவிட்டு, எய்லரானை மட்டும் கையால் அசையுங்கள். அதிலேயே கனம் என்றால் கீல் பேரிங். லேசாக ஓடுகிறது என்றால் கோளாறு பெல்கிராங்குக்கும் யோக்குக்கும் இடையில்.

அந்த இடைவெளியில் முதல் சந்தேகம் புல்லி. ஒவ்வொரு புல்லியின் பக்கவாட்டிலும் மார்க்கரால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, ஒருவர் யோக்கைத் திருப்ப, இன்னொருவர் பாருங்கள். கேபிளோடு கோடும் நகர வேண்டும். கேபிள் ஓடி, கோடு நின்ற இடத்திலேயே நின்றால் பேரிங் இறுகிவிட்டது. கேபிள் புல்லியின் மேல் அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அப்படிப்பட்ட புல்லியைக் கழற்றிப் பார்த்தால் பள்ளத்தில் ஓரிடம் மட்டும் தட்டையாகச் சீவியிருக்கும். எண்ணெய் விட்டு உயிர்ப்பிக்கும் வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள். அந்த இடத்தில் ஓடிய கேபிளையும் துணியால் சோதியுங்கள்.

புல்லியின் தேய்மானமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்:

- பள்ளத்தில் கேபிளின் முறுக்கு அச்சுப் பதிந்திருந்தால் டென்ஷன் நெடுநாள் அதிகமாக இருந்திருக்கிறது.
- ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் கேபிள் நேர்க்கோட்டில் வரவில்லை. பொதுவான வரம்பு 2 டிகிரி. பிராக்கெட் வளைந்திருக்கிறதா, வாஷர் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.
- பள்ளத்தின் அடியில் குறுகலான இன்னொரு பள்ளம் விழுந்திருந்தால், கேபிள் விட்டத்துக்குப் பொருந்தாத பெரிய புல்லி.

பெரும்பாலான புல்லிகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு சிறு வில் அளவுக்குத்தான் முன்னும் பின்னும் ஆடும். அதனால் ஒவ்வோர் ஆய்வின்போதும் புல்லியைக் கொஞ்சம் திருப்பிவைத்துப் புதிய பகுதியைக் கேபிளுக்குக் கொடுத்தால் அதன் ஆயுள் கூடும்.

ஓரிடத்தில் மட்டும் கனமென்றால் பெரும்பாலும் ஃபேர்லீட்தான். கேபிள் அதன் வழியே 3 டிகிரிக்கு மேல் வளையக் கூடாது. வளைந்தால் அது ஃபேர்லீடாக இல்லாமல் புல்லியாக வேலை பார்க்கிறது என்று பொருள். தூசும் பழைய கிரீஸும் சேர்ந்து பசையாகிக் கிடப்பதும் உண்டு.

அறிகுறி: கன்ட்ரோல் தளர்வாக, செத்தமாதிரி இருக்கிறது

யோக்கை அசைத்த பிறகுதான் பரப்பு அசையத் தொடங்குகிறது என்றால், பரப்பை யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு யோக்கை மெல்ல ஆட்டுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வையுங்கள். தேய்ந்த கிளெவிஸ் போல்ட்டும் புஷ்ஷும் விரலுக்குத் தட்டும், கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து இணைப்புகளில் கொஞ்சம் கொஞ்சம் தேய்மானம் இருந்தால் சேர்ந்து பெரிய ஆட்டமாகிவிடும். அதைக் கேபிளை இறுக்கிச் சமாளித்தால் ஆட்டம் போன மாதிரி இருக்கும். புல்லி பேரிங்குகள் விலை கொடுக்கும்.

தேய்மானம் எதுவும் இல்லாமல் டென்ஷன் மட்டும் குறைந்திருந்தால் மேனுவல் எண்ணுக்குக் கொண்டுவரலாம். புதிதாகப் போட்ட கேபிள் முதல் சில மணி நேரப் பறப்பில் சற்று நீண்டு கொடுப்பது இயல்பு. மறுபடி அளப்பதற்கு நாள் குறித்துவையுங்கள். பழைய கேபிள் திடீரென்று தளர்ந்தால் அது இயல்பல்ல. டெர்மினலில் (கேபிள் நுனியில் பொருத்திய உலோக முனை) வழுக்கியிருக்கிறது, இழை அறுந்திருக்கிறது, புல்லியிலிருந்து இறங்கியிருக்கிறது, அல்லது ஒரு பிராக்கெட் விரிசல் விட்டு வளைகிறது. இந்த நான்கையும் பார்க்காமல் இறுக்காதீர்கள். பிராக்கெட் வளைவதைக் கண்டுபிடிக்க, பரப்பை ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் யோக்கை அழுத்தமாக இழுக்கும்போது பிராக்கெட்டின் ரிவெட் தலைகளைப் பாருங்கள். கறுப்புப் பொடி படிந்த ரிவெட் அசைகிற ரிவெட்.

தளர்ந்த கேபிளை "கொஞ்சம் லூஸாக இருந்தால் ஓட்ட லேசாக இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. காற்றில் பரப்பு நடுங்கத் தொடங்கினால் அதை அடக்கிப் பிடிப்பதில் கேபிள் டென்ஷனுக்கும் பங்கு உண்டு. ட்ரிம் டேப் (பரப்பின் பின்விளிம்பில் உள்ள சிறு பலகை) ஆட்டத்துக்கு மேனுவல் தனியாக வரம்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

அறிகுறி: பரப்புகள் நடுநிலையில், யோக் மட்டும் சாய்ந்திருக்கிறது

டர்ன்பக்கிள்தான் பதில் என்று சொல்லக்கூடிய ஒரே அறிகுறி இது. இரு பக்கக் கேபிள்களைச் சமமில்லாமல் இறுக்கியிருக்கிறார்கள். யோக்கை ரிக் பின் போட்டு நடுநிலையில் பூட்டுங்கள். ஒரு பக்கம் எத்தனை சுற்று இறுக்குகிறீர்களோ, எதிர்ப்பக்கம் அத்தனை சுற்றுத் தளர்த்துங்கள். டென்ஷன் மாறாது, நிலை மட்டும் நகரும். முடிந்ததும் டென்ஷனை மறுபடி அளங்கள். பின்களை எடுத்துவிட்டோமா என்று எண்ணிப் பாருங்கள்.

பறக்கும்போது ஓர் இறக்கை கனக்கிறது என்ற புகாரை இதோடு குழப்பக் கூடாது. அதற்கு எரிபொருள் சமம், இரு ஃபிளாப்களும் ஒரே கோணத்தில் மூடுகின்றனவா, எய்லரானின் நிலையான டேப் வளைந்திருக்கிறதா என்ற வரிசையில் போங்கள். எய்லரான் கேபிளால் அதைத் திருத்தினால் யோக் சாயும், இறக்கையின் கோளாறு அப்படியே இருக்கும்.

அறிகுறி: முழு ஓட்டம் வரவில்லை

பெரும்பாலான சிறு விமானங்களில் ஸ்டாப் இரண்டு இடங்களில் இருக்கும்: பரப்புக்குப் பக்கத்தில் ஒன்று, விமானி அறையில் ஒன்று. முதலில் தட்ட வேண்டியது பரப்பின் ஸ்டாப். விமானி அறை ஸ்டாப் முதலில் தட்டினால் பரப்பு பாதி வழியிலேயே நின்றுவிடும். யோக்கைப் பிடித்திருப்பவருக்கோ அது முழு ஓட்டம் போலவே தோன்றும். அதனால் கையின் உணர்வை நம்பாமல் புரொட்ராக்டரைப் பரப்பின் மேல் வைத்துக் கோணத்தை எழுதுங்கள். எய்லரான் மேலே போகும் கோணம் கீழே போவதைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். இரண்டும் சமமாக வரவில்லையே என்று "சரிசெய்து" விடாதீர்கள்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விபத்துக்குள்ளானது. பீச் 1900டி வகை, 21 பேர் இறந்தார்கள். இரண்டு நாளுக்கு முன் எலிவேட்டர் கேபிள் டென்ஷனை மாற்றியபோது ரிக்கிங் நடைமுறையில் சில படிகளைத் தாண்டிவிட்டார்கள். டர்ன்பக்கிள்கள் தவறாக வைக்கப்பட்டதால் மூக்கைத் தாழ்த்தும் திசையில் எலிவேட்டர் ஏறத்தாழ பாதி அளவுக்கே இறங்கியது. அதன் பிறகும் அந்த விமானம் பல முறை பறந்தது. பாரம் பின்னால் அதிகமாக இருந்த நாளன்றுதான் மிச்சப் பாதி தேவைப்பட்டது. டென்ஷனை மட்டும்தானே தொட்டோம் என்று கோணம் அளக்காமல் விடுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

ஸ்டாப்கள் சரியாக இருந்தும் ஓட்டம் குறைந்தால், கடைசி முனையில் எதுவோ முட்டுகிறது. டர்ன்பக்கிளின் பீப்பாய் ஃபேர்லீடிலோ புல்லியிலோ போய் இடிக்கும். ஆட்டோபைலட் மோட்டாரை (சர்வோ) கன்ட்ரோல் கேபிளோடு இணைக்கும் பிரிடில் கேபிளின் கிளாம்ப் வழுக்கியிருக்கும். புதிதாகக் கட்டிய மின்கம்பிக் கட்டு குறுக்கே தொங்கும். எல்லாம் நடுநிலையில் மறைந்திருப்பவை. முழு ஓட்டத்தில் நிறுத்தி, டார்ச் அடித்தால்தான் தெரியும்.

அளவுக்கு மீறிய ஓட்டமும் கோளாறுதான். செஸ்னா 150, 152 வகைகளில் ரடர் ஸ்டாப்பைத் தாண்டிப்போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும் அபாயம் இருந்ததால் 2009-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தனியாக ஓர் உத்தரவு போட்டது.

அறிகுறி: கரகர சத்தம், படிப்படியாக ஓடுவது

யோக்குக்குள் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பிறகு புல்லியின் கார்டு பின் (காப்பு ஊசி): அது கேபிளில் உரசாமல், அதே சமயம் கேபிள் துள்ளி வெளியேற முடியாத நெருக்கத்தில் இருக்க வேண்டும். தரைப் பலகைக்கு அடியில் விழுந்த பேனா, திருகு, ஸ்க்ரூடிரைவர் ஆகியவை இந்தச் சத்தத்துக்கு வழக்கமான காரணங்கள்.

அறிகுறி: துணி மாட்டுகிறது, துரு தெரிகிறது

கேபிளைச் சோதிக்க வெறும் விரலைப் பயன்படுத்தாதீர்கள், அறுந்த இழை ஊசியாகக் குத்தும். துணியை லேசாகச் சுற்றி, இரண்டு திசையிலும் இழுங்கள். இழையின் நுனி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு திசையில் மாட்டாது. நடுநிலையில் ஒரு முறை, இரு முனைகளிலும் ஒவ்வொரு முறை செய்யுங்கள். நடுநிலையில் புல்லியின் மேல் உட்கார்ந்திருக்கும் பகுதிதான் அதிகம் வளைகிறது. யோக்கைத் திருப்பினால்தான் அது வெளியே வரும்.

கேபிள் ஏன் அறுகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். 1/8 அங்குல 7x19 கார்பன் எஃகுக் கேபிளில் ஏழு புரி, புரிக்கு 19 இழை, மொத்தம் 133 இழைகள். அது அறுபடும் பலம் 2,000 பவுண்டு. துருப்பிடிக்காத எஃகில் 1,760 பவுண்டு. நாம் வைக்கும் டென்ஷன் 40 பவுண்டு என்றால் அது அந்தப் பலத்தில் வெறும் இரண்டு சதவீதம். ஆக, பாரம் தாங்காமல் அறுவது அரிது. வளைந்து வளைந்து களைத்தும், உரசித் தேய்ந்தும், உள்ளே துருப்பிடித்தும்தான் அறுகிறது. தேட வேண்டிய இடங்கள்: புல்லியின் மேல் ஓடும் பகுதி, ஃபேர்லீட் வழியே போகும் பகுதி, ஸ்வேஜ் செய்த (அழுத்திப் பொருத்திய) டெர்மினலிலிருந்து ஓர் அடிக்குள். எத்தனை இழை வரை அனுமதி என்பது மேனுவலுக்கு மேனுவல் மாறும். இந்த இடங்களில் ஒன்று அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுவதே என் தீர்ப்பு.

தேய்மானத்தை அறிய அளவு எடுக்க வேண்டாம், கண்ணே போதும். வெளி இழைகள் பளபளவென்று தட்டையாகி, ஒன்றோடொன்று கலந்து தனித்தனியாகத் தெரியாமல் போனால் அவை 40 முதல் 50 சதவீதம் தேய்ந்துவிட்டன. அதோடு அந்தக் கேபிள் முடிந்தது.

துரு வெளியே தெரிந்தால் டென்ஷனைத் தளர்த்தி, முறுக்கை எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பிப் புரிகளுக்கு நடுவே பாருங்கள். உள்ளே துரு இருந்தால் மாற்றுங்கள். பேட்டரிப் பெட்டி, சக்கரக் கூடு, தண்ணீர் தேங்கும் வயிற்றுப்பகுதி ஆகியவற்றின் அருகே ஓடும் கேபிளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று கேபிளைச் சால்வென்ட்டில் நனைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும் கழுவிக்கொண்டு போய்விடும். பளிச்சென்று இருக்கும் கேபிள் அடுத்த ஆய்வுக்குள் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

டெர்மினலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கேபிள் நுழையும் இடத்தில் பெயின்ட் கோடு இருந்து அது முறிந்திருந்தால் வழுக்கல். துருப்பிடிக்காத எஃகு என்பதால் மட்டும் விட்டுவிடாதீர்கள். சிறு குழிகளும் நீளவாக்கில் மயிரிழை விரிசல்களும் அதிலும் வரும். பைப்பர் விமானங்களின் ஸ்டெபிலேட்டர் (முழுதாக அசையும் கிடைமட்ட வால்) கேபிள்கள் இப்படிப் பழுதானதால்தான் எஃப்.ஏ.ஏ. 2013-02-13 என்ற எண்ணில் கட்டாய ஆய்வு உத்தரவு வெளியிட்டது. ஸ்வேஜ் டெர்மினலோடு செய்த புதிய கேபிள் அதன் அறுபடும் பலத்தில் 60 சதவீதப் பாரத்தில் சோதிக்கப்பட்டதா என்று சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: கன்ட்ரோல் எதிர்த்திசையில் ஓடுகிறது

எதிர்த்திசையில் ஓடும் கன்ட்ரோலும் லேசாக, தடையில்லாமல், முழு ஓட்டம் ஓடும். ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது என்ற பதிலுக்கு ஆகவே மதிப்பில்லை. 2003 ஆகஸ்ட் 26 அன்று மாசசூசெட்ஸின் ஹையானிஸ் அருகே கோல்கன் ஏர் 9446 கடலில் விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். எலிவேட்டர் ட்ரிம் கேபிளை மாற்றியபோது ட்ரிம் தலைகீழாக இணைந்திருந்தது. 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் ஏர் அஸ்தானாவின் எம்ப்ரயர் 190 எய்லரான் கேபிள்கள் மாறிய நிலையில் புறப்பட்டு, பெரும் போராட்டத்துக்குப் பின் பேஜா விமானதளத்தில் இறங்கியது.

சோதனை இரண்டு பேர் செய்வது. ஒருவர் விமானி இருக்கையில், இன்னொருவர் வெளியே பரப்பைப் பார்த்தபடி. வெளியே இருப்பவர் "சரி" என்று சொல்லக் கூடாது; "இட எய்லரான் மேலே", "டேப் கீழே" என்று கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். யோக்கை இடப்பக்கம் திருப்பினால் இட எய்லரான் மேலே, வல எய்லரான் கீழே. கட்டைவிரலை மேல்நோக்கி வைத்து யோக்கைப் பிடித்தால், திருப்பும்போது விரல் சாயும் பக்கத்து எய்லரான்தான் உயர வேண்டும். பின்னால் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே. இடப் பெடலுக்கு ரடர் இடப்பக்கம். ட்ரிம்மில்தான் பலர் தடுமாறுவார்கள்: வழக்கமான எலிவேட்டரில் மூக்கைத் தாழ்த்தும் பக்கம் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றினால் டேப் மேலே போக வேண்டும்.

வராமல் தடுக்க: ஒரே சமயத்தில் இரு கேபிள்களைக் கழற்றாதீர்கள். பழைய கேபிளை உருவும் முன் அதன் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டி இழுங்கள். அந்தக் கயிறு காட்டும் வழியிலேயே புதிய கேபிள் போகும்.

பூட்டி மூடுவது

டர்ன்பக்கிளின் ஒவ்வொரு முனையிலும் மூன்று மரைகளுக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. பீப்பாயில் பள்ளக்கோடு உள்ள பக்கம் இடது மரை. 1/8 அங்குலக் கேபிளுக்கு இரட்டைச் சுற்று முறையில் 0.040 அங்குலச் சேஃப்டி வயர், தண்டைச் சுற்றிக் குறைந்தது நான்கு சுற்று. கிளிப் வகையானால் ஒவ்வொரு முறையும் புதிது. இரண்டு கிளிப்பும் கொக்கி முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் இழுத்துப் பாருங்கள். கழற்றிய கோட்டர் பின் குப்பைக்கு.

கருவிகளை எண்ணி, ரிக் பின்களை எண்ணி, தனி ஆய்வு செய்பவரின் கையெழுத்தை வாங்கிவிட்டு மூடியைப் போடுங்கள். மூடிய பின் ஒருமுறை முழு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். மூடிக்குப் போடும் திருகுகளில் ஒன்று அரை அங்குலம் நீளமாக இருந்தால், அதன் நுனி நிற்கும் இடத்தில் கேபிள் ஓடிக்கொண்டிருக்கும்.